யோசனை ஆறு நாள், எழுத்து ஒரு நாள்: பந்தலூர் வாசகியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அங்கன்வாடியில் வேலை. அவருடைய பாட்டி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். அந்தப் பாட்டியின் கதையை நாவலாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்படியே வாசிக்கிறேன்: "ஐயா, வாரநாளில் ஒரு வரிகூட எழுத முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமையை எழுத்துக்கென்றே ஒதுக்கினால் நாவலைச் சீக்கிரம் முடிக்க முடியுமா? வேகமாக எழுதினால் தரம் கெட்டுவிடாதா?"

முடியும் சகோதரி. தரமும் கெடாது. இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். என்ன எழுதப்போகிறோம் என்று தெரிந்து உட்கார்ந்தால், பேனாவில் எழுதினாலும் ஒரு மணி நேரத்துக்கு 500 சொல் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரம் கிடைத்தால் 3,000 சொல். 14 ஞாயிறு போனால் 42,000. நடுத்தர அளவில் ஒரு நாவலுக்கு அது தாராளம். உங்கள் பந்தலூரில் ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை வெளியே தலைகாட்ட முடியாது. மழை பிடித்ததும் உட்காருங்கள், மழை விடும்போது முதல் பிரதி கையில் இருக்கும். எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. இந்தப் பக்கம் எழுதுகிறவர்கள் தீபாவளியை ஒட்டி ஆரம்பித்துக்கொள்ளலாம்.

1999ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் சேர்ந்து ஒரே மாதத்தில் ஆளுக்கு ஒரு நாவல் என்று ஆரம்பித்தார்கள். பிறகு அது உலகம் முழுக்க நவம்பர் மாதத்து வழக்கமாகவே பரவியது. 30 நாளில் 50,000 சொல், அதாவது தினம் 1,667. அதை நடத்திவந்த அமைப்பு 2025ல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. தினமும் எழுத முடிகிறவர்களுக்கு அது சரி. வாரத்தில் ஒரு நாள்தான் என்கிறவர்களுக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழியை நம் பேச்சுகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் மனப்பாடமாகவே சொல்லிவிடுவார்கள். யோசனை ஆறு நாள், எழுத்து ஒரு நாள். குறிப்பு நோட்டைப் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஞாயிறு காலை வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு "அடுத்து என்ன?" என்று யோசிக்க ஆரம்பித்தால் மத்தியானம் ஆகிவிடும். அந்த யோசனையைத் திங்கள் முதல் சனி வரை, பேருந்திலும் அடுப்படியிலும் முடித்துவிட வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சனி இரவு நோட்டில் ஐந்தாறு வரி இருந்தால் போதும். உங்கள் கதையிலிருந்தே சொல்கிறேன் பாருங்கள். "பாட்டி ராமேஸ்வரத்தில் இறங்குகிறாள். கையில் தகரப் பெட்டி. மண்டபம் முகாமில் பெயர் பதிகிறார்கள். எழுதுகிறவர் அவள் பெயரைத் தப்பாக எழுதுகிறார். அவளுக்கு அது தெரிகிறது. திருத்தச் சொல்லவில்லை." அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஞாயிறு காலை உட்கார்ந்தால் பேனா தானாக ஓடும். ஏன் திருத்தச் சொல்லவில்லை என்பது எழுதும்போது வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாட்டி வந்த கப்பலின் பேர் என்ன என்று சந்தேகம் வரும். போனை எடுப்பீர்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் 'ராமானுஜம்' என்று வரும். அதோடு நிற்காது. இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது, திரும்பி வந்தவர்களுக்காக நீலகிரியில் 1968ல் அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது, அதுதான் இன்றைய டான்டீ என்று ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். எல்லாம் உங்கள் நாவலுக்கு வேண்டியதுதான். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு மணி நேரம் போயிருக்கும், பாட்டி இன்னும் கப்பலிலேயே நின்றுகொண்டிருப்பாள். அதனால் பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். திங்கள்கிழமை தேடிக்கொள்ளலாம். தேடுவதும் யோசனையில் சேர்த்திதான், எழுத்தில் சேராது.

தேட வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் நீலகிரிப் படகர்களின் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித் தேன்' எழுதினார். போய்ப் பார்த்து, பேசிப் பழகி, அதற்குப் பிறகு எழுதுகிறவர் அவர். சேகரிப்பதற்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேகம் என்று சொல்வது பேனாவைத் தாளில் வைத்த பிறகு.

சரி, அந்த வேகம் எதற்கு? நின்று நிதானமாக நாலு வருஷம் எழுதினால் என்ன? எனக்குத் தெரிந்த குன்னூர்க்காரர் ஒருவர் அப்படித்தான் எழுதினார். கைப்பிரதியை என்னிடம் கொடுத்தார். முதல் நாற்பது பக்கத்தில் வரும் அம்மா பாத்திரம் பயங்கரக் கோபக்காரி. வாயைத் திறந்தால் வசவு. படிக்கவே அவ்வளவு நன்றாக இருந்தது. நூறாவது பக்கத்துக்கு மேல் அதே அம்மா யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை. கதையில் அவள் மாறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், நடுவில் அவருடைய அம்மா இறந்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தைத் திட்டவைக்க அவருக்குக் கை வரவில்லை.

வருஷக்கணக்கில் இழுத்தால் நாம் மாறிவிடுகிறோம், கதை நம்மோடு சேர்ந்து கோணிக்கொள்கிறது. தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். முதல் பிரதிக்கும் அந்த அவசரம் உண்டு. ஒரே மனநிலை நிற்கும்போதே அது தாளில் இறங்கிவிட வேண்டும். தரம் பார்ப்பது இரண்டாவது பிரதியில். அதற்கு ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் முதல் பிரதி முடிகிற வரைக்கும் போன வாரம் எழுதியதில் கடைசிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் திருப்பிப் படிக்காதீர்கள். படித்தால் திருத்தத் தோன்றும். திருத்த ஆரம்பித்தால் அந்த ஞாயிறு போச்சு.

பெரிய எழுத்தாளர்களும் இப்படி எழுதியிருக்கிறார்கள். 2017ல் நோபல் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோ, 'தி ரிமெயின்ஸ் ஆஃப் த டே' நாவலின் முதல் வரைவை நாலே வாரத்தில் எழுதியவர். திங்கள் முதல் சனி வரை காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்தரை. சாப்பாட்டுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம், இரவு இரண்டு மணி நேரம். கடிதம் பார்ப்பதில்லை, போன் எடுப்பதில்லை. நடை சரியில்லை, முன்னுக்குப்பின் முரண் என்று எதையும் கண்டுகொள்ளவில்லை. தேவையான ஆராய்ச்சியை முன்பே முடித்துவைத்திருந்தார். யோசனை தனி, எழுத்து தனி!

ஆனால் அவரே சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நாலு வாரமும் அவர் பங்குக்கு இருந்த சமையலையும் வீட்டு வேலையையும் அவர் மனைவி ஏற்றுக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் சொந்த வேலை நிறைய இருந்தது. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1866 அக்டோபரில் 26 நாளில் அவருடைய 'சூதாடி' நாவல் முடிந்தது. நவம்பர் 1க்குள் கொடுக்காவிட்டால் அவருடைய எழுத்தையெல்லாம் பதிப்பாளர் ஒன்பது வருஷம் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் அன்னா, இருபது வயதுப் பெண். பகலில் எடுத்ததை இரவில் வீட்டில் உட்கார்ந்து விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவார். அன்னா இல்லாமல் அந்த 26 நாள் ஏது?

அதனால் சகோதரி, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் எப்படிக் கேட்டு வாங்குவது? நம் வீடுகளில் ஞாயிறுதான் பெண்களுக்குக் கனமான நாள். கறி எடுத்தால் மசாலா அரைக்க வேண்டும். ஒரு வாரத் துணி. மழைக்காலத்தில் அது காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டித் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல். இதற்கு நடுவில் ஆறு மணி நேரம் தானாகக் கிடைக்காது.

வாய் திறந்து கேளுங்கள். "நேரம் கிடைத்தால் எழுதுவேன்" என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. "ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை ஞாயிறு காலை 9 முதல் மாலை 4 வரை நான் இல்லை" என்று தேதியும் மணியும் போட்டுச் சொல்லுங்கள். முடியும் நாள் தெரிந்தால் வீட்டில் இருப்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள். இதைப் பார்க்கும் கணவன்மார்களே, அந்த 14 ஞாயிறும் சமையலும் துணியும் உங்கள் பொறுப்பு. பெரியவனாக உரிமையோடு கேட்கிறேன்.

வீட்டிலேயே உட்கார்ந்தால் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் போய்விடுங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். கரண்ட்டை நம்ப வேண்டாம், ஒரு மரம் விழுந்தால் போதும். நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், மை பேனா ஈரத்தில் ஊறிப் பரவும். நோட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். உங்கள் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, நாலு மணிக்கு எழுந்து வெளிச்சத்திலேயே வீடு சேருங்கள். எழுதிக்கொண்டிருக்கும் காட்சி பாதியில் நின்றால் நிற்கட்டும், அடுத்த ஞாயிறு அங்கிருந்தே தொடரலாம்.

முதல் ஞாயிறு எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.