நான்காம் இடம்

எல்லோருக்கும் வணக்கம். பரிசு வாங்கிய பிள்ளைகளை எல்லோரும் பாராட்டிவிட்டார்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் நான் பேச வந்தது மேடைக்கு அழைக்கப்படாத பிள்ளைகளிடம். எந்தப் பாய்மரப் படகுப் போட்டியிலும் அவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களிடம் யாரும் நின்று பேசுவதில்லை. பேசினாலும் “பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அது போதாது.

2012 லண்டன் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். பாய்மரப் போட்டிகள் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் வேமவுத்தில் நடந்தன. ஒரே ஆள் ஓட்டும் சிறு படகான லேசர் ரேடியல் பெண்கள் பிரிவில் அயர்லாந்தின் அன்னலீஸ் மர்ஃபிக்கு அப்போது 22 வயது. நல்ல உயரம்; காற்று பலமாக அடிக்கும்போது படகைச் சாயவிடாமல் நிமிர்த்திப் பிடிப்பதில் பெயர் வாங்கியவர். முதல் நான்கு பந்தயங்களையும் அவரே ஜெயித்தார். நம் விளையாட்டில் முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு, குறைந்த புள்ளி வைத்திருப்பவரே வெற்றியாளர். நான்கு பந்தயத்தில் நான்கே புள்ளி! அப்புறம் மெல்ல மெல்ல மற்றவர்கள் நெருங்கி வந்தார்கள். இறுதிப் பதக்கப் பந்தயம் தொடங்கும்போது முதல் நால்வருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்தப் பந்தயம் முடிந்தபோது தங்கம் சீனாவின் சூ லிஜியாவுக்கு, வெள்ளி நெதர்லாந்தின் மரிட் பௌமீஸ்டருக்கு, வெண்கலம் பெல்ஜியத்தின் எவி வான் ஆக்கருக்கு. மர்ஃபிக்கு நான்காம் இடம்.

நால்வரில் ஒருவர் மட்டும் வெறுங்கையோடு கரை ஏற வேண்டும் என்றால், அதை எப்படித் தாங்குவது? அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லலாம். மறு வருடமே டப்ளின் விரிகுடாவில், தன் சொந்தத் தண்ணீரில், ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 2016 ஒலிம்பிக் ரியோவில். மலைகளுக்கு நடுவே காற்று நினைத்த நேரத்தில் திசை மாறும், நீரோட்டம் வேறு படகை இழுக்கும். பலத்த காற்றை மட்டும் நம்பி வருபவருக்கு அங்கே வேலை இல்லை. மர்ஃபி அங்கே வெள்ளி வென்றார். பாய்மரத்தில் அயர்லாந்துக்கு 36 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதக்கம் அது.

இதைச் சொன்னதும் “பார்த்தாயா, தோற்றால் பின்னால் ஜெயிப்பாய்” என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் ஜெயிக்காதவர்களும் நிறைய. நான் சொல்ல வருவது வேறு.

நம் விளையாட்டில் சரியான முடிவு எடுத்தும் பின்தங்கலாம், தவறான முடிவு எடுத்தும் ஜெயிக்கலாம். அதே 2012-இல் பெண்கள் 470 பிரிவைப் பாருங்கள், அது இருவர் சேர்ந்து ஓட்டும் படகு. பிரிட்டனின் ஹன்னா மில்ஸ், சாஸ்கியா கிளார்க் ஜோடியும் நியூசிலாந்தின் ஜோ அலே, பாலி பவ்ரி ஜோடியும் சமபுள்ளியில் கடைசிப் பந்தயத்துக்குப் போனார்கள். காற்று திரும்பிய பக்கம் நியூசிலாந்துப் படகு இருந்தது, ஜெயித்தது. மறுபக்கம் போன பிரிட்டன் படகு ஒன்பதாவதாக வந்தது. ஒரு வாரத்து உழைப்பு முழுவதும் ஒரே காற்றுத் திருப்பத்தில் தீர்மானமாகிவிட்டது. நான்கு வருடம் கழித்து ரியோவில் அதே இரண்டு ஜோடிகள்: இந்த முறை தங்கம் பிரிட்டனுக்கு, வெள்ளி நியூசிலாந்துக்கு.

ஆகவே முடிவுப் பலகையில் ஒட்டிய இட எண்ணை மட்டும் வைத்துப் பாடம் கற்பது ஆபத்து. ஒரு பையன் கூட்டத்தை விட்டு விலகி ஓரமாகப் போகிறான் என்று வையுங்கள். எதிர்பாராமல் அந்தப் பக்கம் காற்று வருகிறது, முதலில் வந்துவிடுகிறான். அவனை நாம் தோளில் தூக்குகிறோம். அடுத்த பத்துப் பந்தயத்திலும் அவன் ஓரத்துக்கே போவான், பத்திலும் பின்தங்குவான். இன்னொரு பெண் தொடக்கக் கோட்டில் நல்ல இடம் பிடித்து, காற்றைச் சரியாகப் படித்துப் போயும், பதினான்காவதாக வருகிறாள். அவளைத் திட்டினால் சரியாகச் செய்ததையே விட்டுவிடுவாள். இதைப் பயிற்சியாளர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முடிவை ஏற்பது என்றால் அது நியாயம் என்று தலையாட்டுவது இல்லை. புள்ளியோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, இதில் காற்று செய்தது எவ்வளவு, நான் செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது. கோபம் இருக்கும்வரை அதைப் பிரிக்க முடியாது. அன்று மாலை அழத் தோன்றினால் அழுங்கள். மறுநாள் காலையில் நோட்டை எடுத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள், ஏன் போனீர்கள் என்று எழுதுங்கள்.

இந்தப் பழக்கத்தை நம் விதிகளே சொல்லித்தருகின்றன. பந்தயப் பாதையைக் காட்டும் மிதவையில் படகு உரசினால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அடுத்தவர் வழியை மறித்தால் இரண்டு சுற்று. பெரும்பாலும் நடுவர் விசில் ஊதுவதில்லை, நீங்களேதான் ஒப்புக்கொண்டு சுற்ற வேண்டும். சுற்றி முடிப்பதற்குள் ஏழெட்டுப் படகுகள் தாண்டிப் போய்விடும். உடனே சுற்றிவிட்டு மீதிப் பந்தயத்தை ஓட்டும் பிள்ளை நல்ல மாலுமி ஆவாள். “நான் உரசவே இல்லை” என்று கரைவரை புலம்பிக்கொண்டே வரும் பிள்ளைக்குப் பாதி கவனம்கூடப் படகில் இருக்காது.

அப்புறம், மோசமான ஒரு பந்தயத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள விதி இருக்கிறது. தொடக்க சைகைக்கு முன்பே கோட்டைத் தாண்டிப் புறப்பட்டு முழுத் தண்டனைப் புள்ளியும் வாங்கினால், அதையே கழித்துவிடலாம். ஆனால் முதல் நாளே கழித்தாயிற்று என்று மனம் விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். அதன் பிறகு வரும் பந்தயங்களில் பன்னிரண்டாவதா ஒன்பதாவதா என்பதுதான் கணக்கு. அந்த மூன்று புள்ளியில் எத்தனை பேர் கோப்பையை இழந்திருக்கிறார்கள் தெரியுமா?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கரை ஏறியதும் “எத்தனாவது?” என்று கேட்காதீர்கள். “இன்று காற்று எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும்.

நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்மரத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் 44 பேரில் 35-ஆவது. பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மார்சேயில் நடந்த போட்டியில் 43 பேரில் 21-ஆவது. ஆண்கள் பிரிவில் நம் விஷ்ணு சரவணன் டோக்கியோவில் 35 பேரில் 20-ஆவது, பாரிஸில் 43 பேரில் 18-ஆவது. பதக்கம் இல்லை என்று செய்தி போட்டு நாம் அடுத்த பக்கம் புரட்டிவிட்டோம். பதக்கப் பந்தயத்துக்கு முதல் பத்துப் பேருக்குத்தான் இடம். அந்தப் பத்தை நோக்கி அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று யார் எழுதினார்கள்? உங்களில் யாருக்காவது அவர்களைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால், பதக்கம் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் நடுவே தொடக்கக் கோட்டில் எதை மாற்றினீர்கள், மெல்லிய காற்றில் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கையில் நோட்டு இருக்கட்டும்.