கடிகாரத்துக்குப் பசிக்காது

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"1 முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைக்கு நல்லது அட்டவணையா, அனுசரணையா?" இதுதான் தலைப்பு. அனுசரணையே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் உட்காரப் போகும்போது ஒரு போடு போட்டார். "பிள்ளையின் போக்குக்கு விட்ட வீடு, டிரைவர் தூங்கிப்போன பேருந்து" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நல்ல வரிதான், நானும் ரசித்தேன். ரசித்த பிறகு சும்மா விட முடியுமா? அந்தப் பேருந்திலேயே ஏறுகிறேன்.

ஐயா, பேருந்துக்கு டிரைவர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்த டிரைவர் எதைப் பார்த்து ஓட்ட வேண்டும்? எதிரே இருக்கும் சாலையையா, கையில் இருக்கும் நேரப்பட்டியலையா? முன்னால் வளைவு வருகிறது. இவர் பட்டியலைப் புரட்டி, "10 மணிக்கு இங்கே வளைவு கிடையாதே, போன மாதம் நேராகத்தானே இருந்தது" என்கிறார். கண்ணைத் திறந்துகொண்டு சாலையைப் பார்க்காதவரைத்தான் ஐயா தூங்குகிற டிரைவர் என்று சொல்ல வேண்டும்!

அந்த வளைவு எது என்று சொல்கிறேன். ஒரு வயதுப் பிள்ளை பகலில் இரண்டு முறை தூங்கும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் காலைத் தூக்கத்தை விட்டுவிடும். அதையும் சொல்லிவிட்டு விடாது. இன்றைக்கு இரண்டு தூக்கம், நாளைக்கு ஒன்று, மறுநாள் மறுபடி இரண்டு. இப்படிச் சில வாரம் இழுத்து, அப்புறம்தான் ஒரு நிலைக்கு வரும். இது பிடிவாதமா? இல்லை. விழித்திருக்கும் தெம்பு கூடுகிறது, அவ்வளவுதான். நேற்று வரை மூன்று நான்கு மணி நேரத்தில் சோர்ந்துபோன பிள்ளை இன்று ஐந்து மணி நேரம் உலகத்தைப் பார்க்கக் கேட்கிறது. அட்டவணைக்காரர் என்ன சொல்கிறார்? "மணி 10 ஆகிவிட்டது, படு!"

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எதிரணியினர் படிக்க வேண்டும். 1 முதல் 2 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. நடுவர் அவர்களே, கவனியுங்கள். 11-க்கும் 14-க்கும் நடுவில் மூன்று மணி நேரம்! உலகத்துக்கே வழி சொல்கிற நிறுவனம் மூன்று மணி நேரம் விட்டுக்கொடுக்கிறது. சுவரில் ஒட்டிய தாள் பத்து நிமிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது.

தாள் என்றதும் என் அக்கா வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அக்கா மகளுக்கு அப்போது ஒன்றரை வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். கலர் பேனாவில் கோடு போட்டு, கட்டம் கட்டி, பிள்ளையின் நாள் முழுவதையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். 10 மணி என்ற கட்டத்தில் "தூக்கம்" என்று பச்சை மையில் எழுதி, பக்கத்தில் ஒரு பிறை நிலா கூட வரைந்திருந்தாள். அன்றைக்கு மணி 10. அக்கா திரையை இழுத்துவிட்டாள். குட்டித் தலையணையைப் போட்டாள். பிள்ளையைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு மெல்லத் தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு மெல்லத் தட்டு, ஒரு நிறுத்தம்.

பிள்ளை கண்ணை மூடவே இல்லை. முந்தின ராத்திரி அதற்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற நமைச்சல். அழுதது அது, விழித்திருந்தது அக்கா. விடிந்ததும் அது சிரித்துக்கொண்டு எழுந்துவிட்டது. அக்காவுக்குத்தான் கண் சொக்குகிறது. தட்டுகிற கை மெதுவாகிறது, இன்னும் மெதுவாகிறது, நின்றே போகிறது.

பிள்ளை என்ன செய்தது தெரியுமா? எழுந்து உட்கார்ந்தது. அம்மா முகத்தைப் பார்த்தது. தன் குட்டித் தலையணையை எடுத்து அம்மா கன்னத்துக்குப் பக்கத்தில் திணித்தது. அப்புறம் அந்தச் சின்னக் கையால் அம்மாவின் தோளில் தட்ட ஆரம்பித்தது. இரண்டு மெல்லத் தட்டு, ஒரு நிறுத்தம்!

அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வருகிறார். கதவு கிரீச்சென்கிறது. பிள்ளை திரும்பிப் பார்த்தது. விரலை உதட்டில் வைக்க வேண்டும், அது மூக்கின் மேல் வைத்துக்கொண்டு, "உஷ்ஷ்ஷ்" என்றது! அத்தான் அப்படியே பின்னால் நடந்து வெளியே போய்விட்டார்.

நடுவர் அவர்களே, அலமாரிக் கதவில் 10 மணிக்குத் தூக்கம் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு 10 மணிக்குத் தூக்கம் நடந்தது. யார் தூங்க வேண்டும் என்று அட்டவணையில் எழுதவில்லையே!

சிரித்தீர்கள், சந்தோஷம். இப்போது அதே காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். தலையணை முதலில், தட்டுவது அப்புறம். வரிசை மாறவில்லை. தட்டில் தாளம் மாறவில்லை. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று தெரிகிறது. அதை இன்னொருவருக்குச் சொல்லத் தெரிகிறது. வாயில் வார்த்தை வராததால் விரலால் சொல்கிறது, விரல் கொஞ்சம் தள்ளி மூக்கில் விழுகிறது. பார்த்துச் செய்வது, நினைவு வைத்துக்கொள்வது, அடுத்தவர் களைப்பைப் புரிந்துகொள்வது, சைகையால் பேசுவது, இத்தனை வளர்ச்சியும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்திருக்கிறது. அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் உண்டா?

"பார்த்தீர்களா, வரிசை வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்" என்று எதிரணியில் ஒருவர் தலையாட்டுகிறார். ஆமாம் ஐயா, வரிசை வேண்டும்! பிள்ளைக்கு வரிசை உயிர். குளியல், உடுப்பு, பால், விளக்கணைப்பு, தட்டிக் கொடுப்பது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் அதன் மனசு அடங்கும். இந்த வரிசையை நாங்களும் கட்டிக் காப்போம். ஆனால் அந்த வரிசை 7 மணிக்குத் தொடங்கியதா, 7.40-க்குத் தொடங்கியதா என்பது பிள்ளையின் கணக்கிலேயே இல்லை. மணி பார்க்கத் தெரியாத பிள்ளையிடம் மணியைக் காட்டிக் கோபப்படுவது என்ன நியாயம்?

சாப்பாட்டைப் பற்றி ஒரே வார்த்தை. முதல் வருடத்தில் பிள்ளையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுக்கக் கூடுவதே இரண்டு, இரண்டரை கிலோ. வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? "போன வருடம் கிண்ணத்தைக் காலி செய்தான், இப்போது வாயையே திறப்பதில்லை" என்று புலம்பாதீர்கள். கடிகாரத்துக்குப் பசிக்காது, பிள்ளைக்குத்தான் பசிக்கும். வாயைத் திறக்கிற போது கொடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கரண்டியைக் கீழே வையுங்கள்.

சரி, பேருந்துக்குத் திரும்புகிறேன், இன்னும் நான் இறங்கவில்லை. சகோதரர் இன்னொன்றும் சொன்னார். "குறித்த மாதத்தில் குறித்த வளர்ச்சி வந்தாக வேண்டும், நிறுத்தம் தவறக் கூடாது" என்றார். எந்த நிறுத்தம் ஐயா? இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தானாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. அத்தனையும் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள்! அவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அந்த நிறுத்தத்தில் நிற்காமலே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒன்றரை வயது தாண்டியும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அதில் அனுசரணை வேண்டாம். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி நம் பிள்ளையை அளக்க வேண்டாம்.

அது சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்ன? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 12 முதல் 19 மாதப் பிள்ளைகளைத் தாராளமாக விளையாட விட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறார்கள், 17 தடவை விழுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 17 தடவை! பெரியவர்கள் நாம் ஒரு தடவை தடுக்கினால் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்க்கிறோம். அது விழுகிறது, கையை ஊன்றுகிறது, பின்பக்கத்தை முதலில் தூக்குகிறது, எழுந்துவிடுகிறது. யாரும் அதற்கு நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. இப்படி உழைத்த பிள்ளைக்கு ஒரு நாள் சீக்கிரம் தூக்கம் வரும். நடக்கக் கற்ற புதிதில் ராத்திரி எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் செய்யும். தூக்கத்திலும் கால் கேட்கிறது ஐயா! அதைக் கெட்ட பழக்கம் என்று எழுதி வைக்கலாமா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இரண்டு நிமிடம் கொடுங்கள். இதுவரை எதிரணியோடு பேசினேன். இப்போது இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயோடு பேச வேண்டும்.

அம்மா, யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வந்திருப்பீர்கள். நேற்று ராத்திரி மூன்றாவது முறையாகப் பிள்ளை எழுந்தபோது, "மற்ற பிள்ளைகள் எல்லாம் தூங்குகின்றன, எனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை" என்று இருட்டில் அழுதீர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். போன மாதம் தனியாக விளையாடிய பிள்ளை இப்போது நீங்கள் அடுத்த அறைக்குப் போனாலே கத்துகிறதே என்று பயந்தீர்கள். அது பின்னால் போகவில்லை அம்மா. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. எங்கோ இருக்கிற அம்மா ஏன் என்னிடம் இல்லை என்று கேட்கத் தெரிந்துகொண்டது. அழுகை அதற்காக. நீங்கள் ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

என் அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். "சின்ன வயதில் நான் எத்தனை மணிக்கம்மா தூங்குவேன்?" அவருக்குத் தெரியவில்லை. எப்போது நடந்தேன் என்று கேட்டேன், அதுவும் சரியாக நினைவில்லை. "எப்படித் தூங்குவேன்?" என்று கேட்டேன். வாய் திறக்கும் முன்னே அவர் கை காதுக்குப் போய்விட்டது. "இந்த மடலைப் பிடிச்சாத்தான்டா உனக்குத் தூக்கம் வரும். கம்மலைக் கழட்டி வச்சிட்டுத்தான் படுப்பேன்" என்றார். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அவர் விரல்கள் இன்னமும் அந்த மடலைத் தடவுகின்றன.

நடுவர் அவர்களே, நீங்களும் பிள்ளை வளர்த்தவர். தீர்ப்பு எழுதும் முன்னால் உங்கள் வீட்டம்மாவிடமும் இதே கேள்வியைக் கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று அவர் சரியாகச் சொன்னால் தீர்ப்பை எதிரணிக்கே கொடுங்கள். எப்படித் தூங்கினான் என்று சொன்னால் எங்களுக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.