மச்சானுக்கு மட்டும் முழுப் பணமா?

அடுத்த கேள்வி மலேசியாவுல, பகாவ்ல மளிகைக் கடை வச்சிருக்கிற ஒரு ஐயா அனுப்பினது. செம்பனைத் தோட்டங்களுக்கு ஆளும் லாரியும் அனுப்புற ஒரு குத்தகைக் கம்பெனி, செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் லிமிடெட் கம்பெனி. அது தன் ஆளுங்களுக்காக இவர்கிட்ட அரிசி சாமான் வாங்கின வகையில 30,000 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி நிக்குது. கம்பெனி படுத்துடுச்சு. ஆனா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கம்பெனிப் பணத்துலேர்ந்து முதலாளியோட மச்சானுக்கு மட்டும் 60,000 வெள்ளி கடன் முழுசா அடைஞ்சிருக்கு. "கடன் கொடுத்தவங்க எல்லாரும் சட்டத்துல சமம்ங்கிறாங்களே, இது எப்படி? ஒரு லாரியை நானே ஓட்டிட்டு வந்துடலாமா?"ன்னு கேக்குறாரு.

லாரியைத் தொடாதீங்க ஐயா. முதல்ல அது கம்பெனியோடதான்னே தெரியாது. ஹயர் பர்ச்சேஸ்னா கடைசித் தவணை கட்டுற வரைக்கும் அது நிதி நிறுவனத்தோட சொத்து. கம்பெனியோடதாவே இருந்தாலும், கலைப்பு மனு, அதாவது கம்பெனியை மூடிச் சொத்தைப் பங்கு போடச் சொல்ற மனு, கோர்ட்ல பதிவாகி உத்தரவும் வந்துட்டா, மனு போட்ட நாளுக்குப் பிறகு கோர்ட் அனுமதி இல்லாம கை மாறின சொத்து செல்லாது. திருப்பித்தான் கொடுக்கணும்.

இப்ப சமம்ங்கிற விஷயம். ஆளுக்கு ஒரே தொகைன்னு அர்த்தம் இல்ல. ஒரே வரிசையில நிக்கிறவங்களுக்குள்ள, அவங்கவங்க கடனுக்கு ஏத்த பங்கு. வரிசைதான் பல. அடமானம் வாங்கின பேங்க் அந்தப் பொருள்லேர்ந்து முதல்ல எடுத்துக்கும். மீதியில 2016 கம்பெனிச் சட்டம் 527வது பிரிவுப்படி கலைப்புச் செலவு, அப்புறம் தொழிலாளர் சம்பளம் (கலைப்புக்கு முந்தின 4 மாச வேலைக்கு, தலைக்கு 15,000 வெள்ளி வரைக்கும்), அப்புறம் இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பாக்கி, வரி. அதுக்கும் கீழதான் நீங்க, உங்களை மாதிரியே பாக்கி நிக்கிற உரக்கடை, டயர் கடை, மச்சான் எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கீங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேல இருக்கிறவங்களுக்குப் போக 60,000 வெள்ளி மிஞ்சுது. உரக்கடைக்கு 1,80,000, டயர் கடைக்கு 70,000, வொர்க்‌ஷாப்புக்கு 20,000, உங்களுக்கு 30,000. மொத்தம் 3,00,000. கடன்ல ஒவ்வொரு வெள்ளிக்கும் 20 சென் (100 சென் ஒரு வெள்ளி). உங்க கைக்கு 6,000.

மச்சான் வாங்கின 60,000 திரும்பி வந்தா பானையில 1,20,000. ஆனா அவரோட கடன் மறுபடி உயிர் பெறும், அதனால மொத்தக் கடன் 3,60,000. வெள்ளிக்கு 33 சென்னுக்குக் கொஞ்சம் மேல. உங்களுக்கு 10,000, மச்சானுக்கே 20,000. அவரை யாரும் விரட்டலை பாருங்க, பெஞ்சுக்குத் திரும்பி வரச் சொல்றோம், அவ்வளவுதான். வழக்குச் செலவு இதுல கழியும்.

அந்தப் பணத்தை வாங்குறது எப்படி? 528வது பிரிவு திவால் சட்ட விதியைக் கம்பெனிக்கும் கொண்டு வருது. கடன் கட்ட முடியாத நிலையில ஒருத்தருக்கு மட்டும் கொடுத்திருந்து, அந்த நாள்லேர்ந்து 6 மாசத்துக்குள்ள கலைப்பு மனு பதிவாகியிருந்தா, அதை ரத்து செய்யச் சொல்லிக் கேக்கலாம். கேக்க வேண்டியவர் லிக்குவிடேட்டர், அதாவது கம்பெனிச் சொத்தை வித்துக் கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறவர், நீங்க இல்ல. ஆனா ஆதாரம் உங்ககிட்டதான் இருக்கும். அந்தத் தேதியை ஒட்டித் திரும்பி வந்த செக், சம்பளம் போடாத மாசம், இதெல்லாம் கம்பெனி அப்பவே கையை விரிச்சிடுச்சுன்னு காட்டும்.

ரெண்டு மாசம் ஏற்கனவே போயிடுச்சு, மிச்சம் நாலு. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. "தீபாவளிக்குள்ள தந்துடுறேன்"னு முதலாளி சொல்லுவாரு, அந்த ஆறு மாசமும் கரைஞ்சிடும், மச்சான் தப்பிச்சிடுவாரு. கலைப்பு மனுவுக்கு முன்னாடி, கடன் கேட்டு அனுப்புற சட்ட நோட்டீசுக்கே 21 நாள் தவணை கொடுக்கணும். அதுவும் கடன் 50,000 வெள்ளிக்கு மேல இருந்தாத்தான். உங்க 30,000 பத்தாது. அதனால உரக்கடைக்காரர் மாதிரி பெரிய பாக்கி உள்ளவரைப் போய்ப் பாருங்க, அவர் வக்கீல் மூலமா அனுப்பட்டும்.

கலைப்பு உத்தரவு வந்ததும் உங்க கடனை லிக்குவிடேட்டர்கிட்ட எழுத்துல பதியணும். 555 புத்தகத்துல (கடைக் கடன் எழுதுற சின்ன நோட்டு) எழுதின கணக்கும் ஆதாரம்தான், கையெழுத்து இருந்தா. ஆனா மேல யார் பேரு எழுதியிருக்கீங்க? "முதலாளி கணக்கு"ன்னு இருந்தா, "இது அவர் சொந்தக் கடன், கம்பெனிக் கடன் இல்ல"ன்னு லிக்குவிடேட்டர் தள்ளிடலாம். கம்பெனிப் பேரு போட்ட ஆர்டர், பேங்க்ல வந்த பழைய பணம், வாட்ஸ்அப் செய்தி, எல்லாத்தையும் சேர்த்துக் கொடுங்க.

தொழிலாளிங்களுக்கு ஒண்ணு. தோட்ட முதலாளியே சம்பள பாக்கி வச்சிருந்து, அந்த நிலத்தை பேங்க் கோர்ட் உத்தரவு வாங்கி ஏலம் விட்டா, 1955 வேலைச் சட்டம் 31வது பிரிவுப்படி அந்த நிலத்துல வேலை செஞ்சவங்களோட சம்பளம், 4 மாசம் வரைக்கும், பேங்குக்கும் முன்னாடி வரும். ஆனா உங்க கேள்வியில சம்பளம் தரவேண்டியது குத்தகைக் கம்பெனி. நிலம் அதோடது இல்ல, அதனால இந்த வழி அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. அந்த ஆளுங்க தொழிலாளர் இலாகாவுல உடனே புகார் பதியணும். இ.பி.எஃப். கட்டாம விட்டிருந்தா அதுக்கு டைரக்டர்களும் சொந்தப் பொறுப்பு.

கடைசியா, முதலாளி உங்களுக்குத் தனியா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்காரான்னு தேடிப் பாருங்க. இருந்தா இந்தப் பெஞ்சுல காத்துக்கிட்டே, அவர் மேல தனியாவும் வழக்குப் போடலாம்.