கீழடிக்குக் காலம் சொன்ன கடிகாரம்

(பட்டிமன்றத் தலைப்பு: புவி வெப்பமாவதற்குப் பொறுப்பு இயற்கையா, மனிதனா? ‘மனிதனே’ என்ற அணியின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“பூமி எத்தனையோ பனியுகங்களைக் கண்டிருக்கிறது, அன்றைக்கு எந்தப் பெட்ரோல் நிலையம் இருந்தது?” என்று எதிரணித் தலைவர் கேட்டபோது அவையில் கைதட்டல் எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவமும் அதன் அச்சின் சாய்வும் மெல்ல மெல்ல மாறுவதால் பனியுகங்கள் வந்து போயின. அந்தச் சாய்வு ஒரு முறை கூடிக் குறைவதற்கு மட்டும் ஏறத்தாழ 41,000 ஆண்டுகள் ஆகின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கும் வெப்பமோ சுமார் 150 ஆண்டுகளுக்குள் ஏறியது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாகியிருக்க வேண்டும். நடந்திருப்பது வேறு: நாம் வாழும் கீழடுக்கு சூடேறுகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. கீழே வெப்பத்தை வாயுக்கள் பிடித்து நிறுத்தினால் மட்டுமே இப்படி நடக்கும்.

அப்படி வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும் கரியமில வாயு யாருடையது என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. அதற்கு நான் கீழடியிலிருந்து தொடங்குகிறேன். வைகைக் கரையில் தோண்டி எடுத்த ஒரு கரித்துண்டைச் சோதித்து, அது கி.மு. 580ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2019இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தபோது நாம் அனைவரும் பெருமிதம் கொண்டோம். அந்தக் காலக்கணக்கைச் சொன்னது கார்பன்-14 என்ற, மெல்ல மெல்லச் சிதையும் கதிரியக்கக் கார்பன் வகை. உயிருள்ள மரம் அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். மரம் இறந்த பிறகு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் கச்சா எண்ணெயிலும் அது அறவே மிஞ்சியிருப்பதில்லை. அவற்றை எரித்தால் வரும் கரியமில வாயுவிலும் அது இருக்காது. அந்த வாயு கலக்கக் கலக்கக் காற்றில் கார்பன்-14இன் விகிதம் குறைய வேண்டும். அப்படிக் குறைந்திருப்பதை ஹான்ஸ் சூயெஸ் என்ற அறிஞர் 1955இலேயே மரங்களில் அளந்து காட்டினார்.

எரிமலை வாயுவிலும் கார்பன்-14 கிடையாதே என்று எதிரணி நண்பர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் கார்பன்-13 என்ற, சிதையாத இன்னொரு கார்பன் வகையைச் செடிகொடிகள் குறைவாகவே எடுத்துக்கொள்வதால், அவற்றிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது குறைவு. எரிமலை வாயுவில் அந்தக் குறைபாடு இல்லை. இன்று காற்றில் கார்பன்-13இன் விகிதமும் சேர்ந்து இறங்குகிறது, எரிதலுக்குச் செலவாகும் ஆக்சிஜனும் அளவிடத்தக்க வகையில் குறைகிறது. கீழடியின் தொன்மையைச் சொன்ன அந்தக் கடிகாரத்தை நம்பிய நாம், அதே கடிகாரம் நம் புகைக்குழாய்களைக் காட்டும்போது மட்டும் எப்படி ஐயப்பட முடியும்?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315ஆக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகப் பனிக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழ்கள் காட்டும் எட்டு லட்சம் ஆண்டுகளில் இந்த அளவு ஒரு முறைகூட வந்ததில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், “மனிதன் என்று எல்லோரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது அநீதி” என்றார். அவரோடு நான் உடன்படுகிறேன். என் அணி கேட்பதும் அந்த நியாயத்தைத்தான். இதுவரை உலகம் வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா என்ற ஒரு நாட்டினுடையது. தெரியாமல் நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பது புவியைச் சூடாக்கும் என்று அதன் உயர் அதிகாரிகளிடம் 1977இலேயே விளக்கினார். அந்நிறுவனம் தனக்குள் போட்டுவைத்த கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னாளில் துல்லியமாகப் பலித்தன என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. உள்ளே அறிந்திருந்ததை வெளியே ஐயமாகப் பரப்பிய அந்த ஆண்டுகளை எந்தப் பனியுகத்தின் கணக்கிலும் எழுத முடியாது.

மூன்றாவதாக, எண்ணூர் மீனவரை எதிரணியினர் தம் சாட்சியாக நிறுத்தினார்கள். ஃபைபர் படகுக்கு எண்ணெய் இல்லாவிட்டால் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அலையாத்திச் செடிகளின் தண்டும் வேரும் கறுத்துப்போயின. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளில் பழுப்பு ஏறியது. அந்த எண்ணெயை அள்ளியவர்கள் யார்? காட்டுக்குப்பத்து மீனவர்களும் அக்கம்பக்கத்துக் குப்பத்தாரும்தான். படகின் விளிம்பில் குனிந்து, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு வாளியில் ஊற்றி, வாளியைப் பீப்பாயில் கவிழ்த்தார்கள். அதே டிசம்பரில் துபாயில் கூடிய 28ஆவது பருவநிலை மாநாட்டில்தான் புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்ற சொல் முதன்முறையாக ஒப்பந்தத்தில் ஏறியது. அந்த ஒரு வரிக்கு உலகம் அத்தனை மாநாடுகள் காத்திருந்தது.

எண்ணெயை விட முடியாது என்போருக்கு நார்வேயைக் காட்டுகிறேன். தானே எண்ணெய் விற்றுச் செழித்த அந்நாட்டில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். நாம் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறோம். பெட்ரோல் எஞ்சினோ அந்த ஆற்றலில் பெரும்பகுதியை வெறும் சூடாக வெளியே விடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழலும் மாநிலத்துக்கு மாற்று வழி புதிதல்ல. விமானமும் சரக்குக் கப்பலும் மாறுவது கடினம், நிலக்கரி மின்சாரத்தை விடாமல் மின்வண்டியால் முழுப்பயன் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவேதான் யார் முதலில் எண்ணெயை விட வேண்டும் என்ற வரிசை முக்கியமாகிறது.

நடுவர் அவர்களே, அந்த வரிசையில் கடைசியாக நிற்க வேண்டியவர் காட்டுக்குப்பத்து மீனவர். அதிகம் எரித்தவர்களும், அறிந்தே மறைத்தவர்களும், மாற்று வண்டி வாங்கப் பணமுள்ள நம்மைப் போன்றவர்களும் விட்டு முடித்த பிறகு, அவர் படகுக்கு வேண்டிய மாற்று எஞ்சினை அரசு செலவில் கொடுத்துவிட்டு அவரிடம் கேட்கலாம். அதுவரை அவரை எதிரணியின் சாட்சியாக ஏற்க வேண்டாம் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.