செக்போஸ்ட்டைத் தாண்டினால் தப்பு சரியாகிவிடுமா?

மக்களே, என் கையில் இருப்பது ஒரு லாட்டரிச் சீட்டு. இதைத் தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளையில் வைத்து விற்றால் போலீஸ் பிடிக்கும், அப்படியே கொஞ்ச தூரம் போய்க் கேரளப் பக்கம் பாறசாலையில் வைத்து விற்றால் அரசாங்கமே கமிஷன் கொடுக்கும். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள், கேரளாவிலோ 1967-லேயே அதற்கென்று அரசுத் துறை தொடங்கிவிட்டார்கள். சீட்டு ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். அப்போ சரி, தப்பு எல்லாம் ஊரைப் பொறுத்ததா, அவரவர் மனசாட்சியா, இல்லை உலகம் முழுக்க ஒரே நியாயம்தானா?

சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிடுங்கள், அது எந்த ஊரிலும் தப்பில்லை.

[திரையில்: விக் வைத்த இரண்டு பெரியவர்கள்]

தத்துவத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பகுத்தறிவுள்ள எல்லோருக்கும் ஒரே அற விதிதான் என்றார் கான்ட். நல்லது கெட்டதை நாம் பிரித்தறிவது அறிவால் இல்லை, உணர்ச்சியால் என்றார் ஹியூம். போதும், நம்ம ஊருக்கு வருவோம்.

[திரையில்: பழைய திருவிதாங்கூர் வரைபடம்]

ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1-ல் தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் இங்கே வெள்ளாளர் வீடுகளில் மருமக்கள் வழி என்று ஒன்று நடந்தது, கேட்டியளா, எனக்கு இதைச் சொல்லச் சொல்ல அலுக்காது. குடும்பத்துக்குத் தலைவர் காரணவர். அவர் கண்ணை மூடினால் வயலும் தோப்பும் யாருக்கு? பெற்ற மகனுக்கு இல்லை, கூடப்பிறந்தவள் மகனுக்கு, அவன்தான் மருமகன்! சொந்தப் பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சின்னப் பங்கு, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு காரணவர் மனசு கேட்காமல் குடும்பச் சொத்தில் கொஞ்சத்தை ரகசியமாகத் தன் மகனுக்குத் தள்ளிவிட்டார் என்று வையுங்கள், ஊர் அவரை நல்ல அப்பா என்று சொல்லாது, மருமகன் வாயில் மண்ணைப் போட்டவர் என்றுதான் சொல்லும். இன்றைக்குத் தோவாளையில் யாராவது பிள்ளைகளை விட்டுவிட்டு மருமகன் பேருக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கட்டும் பார்ப்போம், பதினாறாம் நாள் முடிவதற்குள் கேஸ் நாகர்கோவில் கோர்ட்டுக்கு வந்துவிடும். அன்றைக்கு எது திருட்டோ அது இன்றைக்குக் கடமை!

இதில் அவதிப்பட்டது மனைவிமார்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்தப் புலம்பலை ஒரு மனைவியின் வாயாலேயே, சிரிக்கச் சிரிக்க, மருமக்கள்வழி மான்மியமாக எழுதினார். 1926-ல் சட்டமும் மாறியது.

இப்போ சிலர், பாருங்கள், எல்லாமே வெறும் வழக்கம்தான் என்று கிளம்புவார்கள். கொஞ்சம் பொறுங்கள். சொந்தக் குடும்பத்தைக் கைவிடாதே என்பதை அன்றும் யாரும் மறுக்கவில்லை, குடும்பம் என்றால் யார் யார் என்பதில்தான் சண்டை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 60 சமூகங்களைப் பற்றிய பதிவுகளை அலசி 2019-ல் வெளியிட்டதிலும் இதுதான் தெரிகிறது. உறவுக்கு உதவு, பட்ட கடனைத் திருப்பு, நியாயமாகப் பங்கிடு மாதிரி ஏழு விஷயங்களைத் தேடினார்கள், அவை அநேகமாகப் பேச்சு வந்த இடத்திலெல்லாம் நல்லது என்றே இருந்தன, எதற்கு முதலிடம் என்பது மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

சரி, அப்போ மனசாட்சி? தன்னெஞ்சே தன்னைச் சுடும் என்கிறார் வள்ளுவர். நம்பத்தான் ஆசை. ஆனால் இதே தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்ததே, மறைத்தவர்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்களே, கிழித்தவன் நெஞ்சு சுட்டதா? சுட்டிருக்காது. ஊர் ஒழுங்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 1859-ல் ராஜா அனுமதி கொடுத்தார், அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி. ஊர் வழக்கம்தான் சரி என்றால் அந்தப் பெண்கள் தப்பு செய்தவர்கள் ஆகிவிடுவார்கள். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. மனசாட்சிதான் சரி என்றால் கிழித்தவனையும் விட்டுவிட வேண்டியிருக்கும்.

அதனால் நான் ஊரையும் கேட்பதில்லை, நடத்துகிறவன் மனசையும் கேட்பதில்லை. அந்த விதி யார் தலையில் விழுகிறதோ அவர்களைத்தான் கேட்பேன். காரணவரின் மனைவி, சந்தைக்குப் போன அந்தப் பெண், இவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் எது தப்பு என்று தெரிய அவ்வளவு வருஷம் ஆகியிருக்காது. இது எல்லா வழக்குக்கும் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாத ஒன்று நீங்களே சொல்லுங்கள், சண்டை போடலாம்.

ஒன்றை விட்டுவிட்டேனே, தாய்மாமன் கல்யாணம்! மதுரைப் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது உரிமை, கேரளத்தில் பழைய நாயர் தறவாட்டில், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தில், அவள் ஒரே குடும்பத்துப் பெண், நினைத்தாலே பாவம். 1955 இந்துத் திருமணச் சட்டம் மாமன் கல்யாணத்தைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருந்தால் பரவாயில்லை என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. இங்கே யாரைக் கேட்பது? கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணைத்தான். உங்கள் வீட்டு ஆச்சி மாமனைக் கட்டியவர் என்றால், தாத்தா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டு, கமெண்டில் போடுங்கள்.