வேலைநிறுத்த நாளில் இணைய வகுப்பு யாருக்காக?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் இருக்கும் அன்பு நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது பள்ளிகள் இணையவழிக் கல்வி வழங்க வேண்டும் என்று எனக்கு முன் பேசிய நண்பர் உருக்கமாக வாதாடினார். "ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் சண்டை, நடுவில் பிள்ளை என்ன பாவம் செய்தது?" என்று அவர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அவர் பேச்சில் கணினி வந்தது, கைப்பேசி வந்தது, இணைய இணைப்பு வந்தது. அந்தத் திரையில் தோன்றிப் பாடம் நடத்தப்போவது யார் என்பது மட்டும் கடைசிவரை வரவே இல்லை!

வேலைநிறுத்தத்தில் இருக்கும் ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்து பாடம் நடத்தமாட்டார். நடத்தினால் அதற்குப் பெயர் வேலைநிறுத்தமா? அப்புறம் மிஞ்சுவது என்ன? எப்போதோ பதிவு செய்த காணொளி, அச்சடித்துக் கொடுக்கும் பயிற்சித்தாள், பிள்ளையின் பெயர்கூடத் தெரியாத ஒரு தற்காலிக ஆள். இதைத்தான் எதிரணி கல்வி என்கிறது.

சரி, ஆசிரியரே திரையில் வந்தால்கூட என்ன நடக்கும் என்பதைக் கொரோனா காலத்தில் உலகமே பார்த்துவிட்டது. நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு நல்ல இணையம் உள்ள நாடு. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தது சுமார் எட்டு வாரம்தான். அதற்கு முன்னும் பின்னும் நடந்த தேர்வுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், மாணவர்கள் வீட்டில் இருந்த காலத்தில் ஏறக்குறைய ஒன்றுமே முன்னேறவில்லை என்றார்கள். பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் கூடுதல். அங்கே இணையமாவது இருந்தது. உலக அளவில் 3 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது சுமார் 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பே இல்லை என்று அதே ஆண்டு ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் சொன்னது. பிள்ளைகளுக்காகத்தான் பேசுகிறோம் என்கிறார்களே, இந்த 130 கோடிப் பேரும் பிள்ளைகள் இல்லையா?

"வேலைக்குப் போகும் பெற்றோர் என்ன செய்வார்கள்?" என்றும் கேட்டார்கள். நியாயமான கவலை. ஆனால் ஏழு வயதுக் குழந்தையைத் திரைமுன் உட்கார வைத்தால், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். அம்மாவோ அப்பாவோ விடுப்பு எடுத்தே தீர வேண்டும். அந்தப் பெற்றோருக்கு உண்மையில் உதவ நினைத்தால், பள்ளிக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள், பாதுகாப்புக்கு ஆள் போடுங்கள், மதியம் சாப்பாடு கொடுங்கள். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. பாடம் நடக்கிறது என்று கணக்குக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

ஏன் எதிர்க்கிறோம்? வருகைப் பதிவேட்டில் 'வகுப்பு நடந்தது' என்று ஏறிவிட்டால் பேச்சுவார்த்தைக்கு உட்கார எந்த நிர்வாகம் அவசரப்படும்? ஆசிரியருக்கோ சம்பளம் பறிபோய்க்கொண்டிருக்கும். ஆக, ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். போராட்டம் இழுத்துக்கொண்டே போகும். எதிரணி தேடும் மருந்தே நோயை நீட்டிக்கும்.

இன்னொன்று. ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்துக்காக மட்டுமே போராடுகிறார்கள் என்ற நினைப்பு பலருக்கு. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் போராடினார்கள். ஊதிய உயர்வோடு வேறு என்ன வாங்கினார்கள் தெரியுமா? வகுப்பில் மாணவர் எண்ணிக்கைக் குறைப்பு, கூடுதல் நூலகர்கள், பள்ளிதோறும் வாரம் முழுக்க ஒரு செவிலியர். விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு மருந்து போட தினமும் ஆள் இருக்கும் என்ற உறுதி வந்ததே அந்த ஆறு நாளால்தான்.

"ஆறு நாள் பாடம் போனதே?" என்பீர்கள். போன நாளை ஈடுகட்ட ஒரு பழைய வழி இருக்கிறது: கல்வியாண்டைச் சில நாள் நீட்டுவது. அதே அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2019 அக்டோபரில் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. முடிவில் 5 நாட்களை ஈடுசெய்ய ஒப்புக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் பதினொன்றையும் ஈடுசெய்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த 5 நாளும் சொந்த ஆசிரியரே நடத்திய பாடம்.

சிகாகோ என்றதும் இன்னொரு கதை இருக்கிறது, நடுவர் அவர்களே. மணியில் கை வைக்காதீர்கள், இதோ முடிக்கிறேன். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வகைக் கொரோனா பரவியபோது அதே ஊர் ஆசிரியர் சங்கம், "நாங்கள் வீட்டிலிருந்து இணையத்தில் பாடம் நடத்துகிறோம்" என்று வாக்கெடுத்துச் சொன்னது. நிர்வாகம் ஏற்கவில்லை. நேரடி வகுப்புதான் வேண்டும் என்று ஐந்து நாட்கள் வகுப்புகளையே ரத்து செய்தது. ஆசிரியர் தயார், இணையம் தயார், வேண்டாம் என்றது நிர்வாகம்!

எனக்கு அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். அன்று நிர்வாகம் செய்தது சரி என்றால், இணைய வகுப்பு நேரடி வகுப்புக்கு ஈடாகாது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். தவறு என்றால், ஆசிரியர் இருந்தபோது வேண்டாம் என்ற இணைய வகுப்பு, ஆசிரியர் இல்லாதபோது மட்டும் எதற்கு?

நன்றி, வணக்கம்.