தூக்கிப் போட்டுறாதீங்க

வணக்கம் நேயர்களே, சமையல்கட்டுல நின்னுக்கிட்டு கேக்குறவங்க, பினாங்குப் பாலத்து ஜாம்ல மாட்டிக்கிட்டு கேக்குறவங்க எல்லாருக்கும் வணக்கம். பயனீட்டாளர் விஷயம் பேசணும்னு என்னைக் கூப்பிட்டா நான் பேசுறது எப்பவும் ஒண்ணுதான், வீட்லயே எல்லாருக்கும் அலுத்துப் போச்சு. உங்களுக்குக் காயம் உண்டாக்குன சாமானைத் தூக்கிப் போட்டுறாதீங்க.

ஆயர் ஈத்தாம்ல ஒரு அக்கா, தீபாவளிக்கு முந்தின வாரம் புது குக்கர்ல கொண்டைக்கடலை வேக வச்சிருக்காங்க. அடுப்பை அணைச்சாச்சு, கைப்பிடியத் தொட்டதுதான், ஆவி அடங்காமலேயே லாக் விட்டுருச்சு, மூடி பறந்து சீலிங்ல இடிச்சு, கொதிதண்ணி முழங்கை வரைக்கும். கட்டோட எங்ககிட்ட வந்தாங்க. நான் கேட்ட முதல் கேள்வி, குக்கர் எங்கக்கா? "அதுவா தம்பி, சூராட்காபார் லாமா லாரி, அதான் பழைய பேப்பர் வாங்குற லாரி வந்துச்சு, வீட்டுக்காரர் பேப்பரோட சேர்த்துப் போட்டுட்டாரு, ரெண்டு வெள்ளி கெடச்சுச்சு." ரெண்டே ரெண்டு ரிங்கிட்! அந்த லாக்கும் ரப்பரும்தான் கேஸே. நீங்கதான் சரியா மூடலன்னு கம்பெனிக்காரன் சொன்னா இப்ப எதைக் காட்டுறது? (பெட்டி மட்டும் இருந்துச்சு, அதுல பலகாரம் போட்டு வச்சிருந்தாங்க.)

நம்ம மலேசியாவோட 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதுல நல்ல சட்டம்ங்க. கம்பெனி அசட்டையா இருந்துச்சுன்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல, பொருள்ல கோளாறு, அதாலதான் காயம், இத காட்டினா போதும். தயாரிச்சவன் எங்கயோ வெளிநாட்டுல இருக்கானா, இறக்குமதி பண்ணவன் பதில் சொல்லணும். யார்கிட்ட வாங்குனேன்னு கடைக்காரர் சொல்லலன்னா அவர் தலையிலயே விழும். ஆனா கோளாற காட்ட சாமான் வேணுமே, அதான் திரும்பத் திரும்பச் சொல்றேன். ரசீதையும் போட்டோ எடுத்து வைங்க, அந்த வழவழா பேப்பர் கொஞ்ச நாள்ல வெளுத்துரும்.

பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில விக்கிற வெள்ளையாக்குற க்ரீம் இருக்கே, பாதரசம் கலந்ததெல்லாம் சுகாதார அமைச்சு பிடிச்சிருக்கு. முகம் எரிஞ்சா நிறுத்திட்டு, மிச்ச க்ரீமோட டப்பாவை அப்படியே வைங்க, கழுவி ஊசி நூல் போட்டு வச்சுறாதீங்க.

அப்புறம் டிரிபியூனல், அதாவது பயனீட்டாளர் புகார விசாரிக்கிற தீர்ப்பாயம். அஞ்சு வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாம, 50,000 ரிங்கிட் வரைக்கும் கேக்கலாம், ஆனா அது குக்கர் காசுக்குத்தான். வெந்த கைக்கு அங்க இடமில்ல, கோர்ட்டுக்குத்தான் போகணும். இது தெரியாம அங்க போய் நிக்கிறவங்க நிறைய பேரு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கை காட்டுறாங்க, ஆஸ்பத்திரி சிகிச்சையில பாதிக்கப்பட்டா என்ன பண்றதுன்னு ஓட்டமா சொல்லிடுறேன். அங்க எடுத்து வைக்க சாமான் கிடையாது, பேப்பர்தான், அதனால மெடிக்கல் ரிப்போர்ட்டை எழுதிக் கேட்டு வாங்குங்க, மருந்துப் பொட்டலத்தைக்கூட வீசாதீங்க. ஃபூ ஃபியோ நாங்கற அம்மாவோட கேஸ்ல, 1982-ல கழுத்துல ஆப்பரேஷன் பண்ணி உடம்பு செயலிழந்துபோன அவங்களுக்கு, நாட்டோட உச்ச கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றத்துத் தீர்ப்பு வர 2006 டிசம்பர் ஆச்சு. ஆப்பரேஷன்ல என்ன ஆபத்துன்னு நோயாளிகிட்ட முன்கூட்டியே சொல்லணும்ங்கறது அதுல வந்ததுதான், அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேளுங்க, கூச்சமே வேணாம். அப்புறம் கேஸ் போடுற கெடு: தனியார் ஆஸ்பத்திரின்னா பொதுவா 6 வருஷம், அரசாங்க ஆஸ்பத்திரின்னா 36 மாசம்தான், புண்ணு ஆறட்டும் பார்க்கலாம்னு இருந்தா அது ஓடிரும். சரி, நியூஸுக்கு நேரமாச்சாம், வரேங்க.